நங்கூரக் கயித்துல ஒரு பாரம்

மொதல்ல அந்த நாத்தம் வாஷிங் மெஷின்ல இருந்து தான் வந்துச்சு. துணி எல்லாம் சுத்தி முடிஞ்சு, மெஷின் ஒரு தடவை முனகி அடங்கினதுக்கு அப்பறம் மூடியைத் திறந்தா சோப்பு வாசனை வரணும்ல, அதுவும் வந்துச்சு, இல்லேன்னு சொல்ல முடியாது. ஆனா அந்தப் பூ வாசனைக்கு அடியில, மூடி வெச்சு மறந்துபோன சட்டியில ஒறைஞ்சு கெடக்குற பழைய கொழுப்பு மாதிரி, கொஞ்சம் இனிப்பா, கொஞ்சம் புளிப்பா, தொண்டையோட பின்பக்கத்துல போய் ஒட்டிக்கிட்டு எச்சில் முழுங்கினாலும் எறங்காத ஒண்ணு இருந்துச்சு.

எலி தான் செத்துக் கெடக்குன்னு அக்கா முடிவே பண்ணிட்டா. அவளும் அவ தம்பி சின்னவனுமா மெஷினைச் சுவத்துல இருந்து இழுத்து, பின்னாடி டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. தூசி, ஒரு ஒத்தைச் சாக்ஸ், பழைய பட்டன். எலியும் இல்ல, எலியோட நிழலும் இல்ல.

அப்பறம் அக்கா மூடியைச் சுத்தி இருக்குற ரப்பர் வளையத்தை விரலால விரிச்சுப் பாத்தா. உள்ள, மடிப்பு மடிப்பா, வெள்ளையும் மஞ்சளுமா ஏதோ அப்பிக் கெடந்துச்சு. மெழுகும் இல்ல, வெண்ணெயும் இல்ல. ஸ்பூனால சுரண்டினா சுருள் சுருளா வந்துச்சு. வந்த எடத்துல சின்னதா ஒரு முடி. கறுப்பா, முரடா, பிரஷ்ஷோட முள்ளு மாதிரி.

"அய்யே!" அக்கா ஸ்பூனைச் சிங்க்ல போட்டா. "இந்த மனுசன் வேலைத் துணியைத் தனியா போடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

அத்தான் ஹால்ல சோபாவுல காலை நீட்டிப் படுத்திருந்தார். "அது உழைப்போட வாசனைடி. கொஞ்சம் மரியாதையா மோந்து பாரு."

"உழைப்பு நாறி நான் கேள்விப்பட்டதில்ல."

"உன் தம்பி உழைக்குறது நாறாது. ஏசி ரூம்ல உக்காந்து பட்டன் அமுக்குறான். நாங்க தான் மச்சான் அந்தக் கயித்தைத் தடவிக்கிட்டுத் திரியுறோம்."

சின்னவன் சிரிச்சான். எந்தக் கயிறுன்னு கேக்கணும்னு தோணுச்சு. கேக்கல.

அத்தானுக்குச் சர்வீஸ் படகுல வேலை. கரையில இருந்து பாத்தா தெரியாத தூரத்துல, ஆழமான கடல்ல, மின்சாரம் எடுக்குற பெரிய பெரிய காத்தாடிங்க மெதப்புங்க மேல நிக்குது. மெதப்பு எங்கேயும் ஓடிப் போயிடக் கூடாதுன்னு ஒவ்வொண்ணையும் மனுச இடுப்பு தடிமன்ல கயிறு போட்டுக் கடல் தரையில நங்கூரத்தோட கட்டி வெச்சிருக்கு. அத்தான் அந்த மெதப்பு மேல ஏறி இறங்கி போல்ட்டு முடுக்கணும், கிரீஸ் வைக்கணும், கயிறு தேயுதான்னு பாக்கணும். சின்னவனுக்குத் துறைமுகத்துல இருக்குற கண்காணிப்பு ரூம். ஒவ்வொரு கயித்தையும் எவ்வளவு பாரம் இழுக்குதுன்னு ஸ்க்ரீன்ல ஒரு நம்பர் வரும், அதைப் பாத்துக்கிட்டே இருக்கணும். "என் பொண்டாட்டி தம்பி, தங்கமான பையன், என்னை நம்பிக் குடுங்க"ன்னு அத்தான் போய் நின்னு வாங்கிக் குடுத்த வேலை. இந்த ஊருக்கு வந்து அவன் பாக்குற மொத வேலையே அது தான்.

அந்த ரூம்ல ஒரு பழக்கம் உண்டு. கடல்ல கெடக்குற கயித்துல பாசி ஏறும், சிப்பி ஒட்டும், பாரம் கொஞ்சங் கொஞ்சமா கூடும், கூடினா அலாரம் கத்தும். கத்துனா ஜீரோ பட்டனை அமுக்கணும். காய்கறிக் கடையில தட்டைத் தராசுல வெச்சு ஜீரோ பண்ணிட்டு அப்பறம் தக்காளியை அள்ளிப் போடுவாங்கல்ல, அதே தான். இருக்குற பாரத்தை இல்லேன்னு கணக்கு வெச்சுக்கிட்டு மறுபடியும் ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கிறது. சூப்பர்வைசர் தான் சொல்லிக் குடுத்தார். எது சொன்னாலும் ஒரு பெருமூச்சு விட்டுட்டுத் தான் சொல்லுவார், அதனால ரூம்ல அவருக்குப் பேரே பெருமூச்சு.

கடைசி வரிசையில, மூலையில இருக்குற மெதப்போட ஒரு கயிறு மட்டும் கொஞ்ச நாளா ஒழுங்கா இல்ல.

பாரம் கூடுறது பெருசில்ல. கூடுற விதம் தான். திடீர்னு ஒரு இழுப்பு, நம்பர் மேல பாயும். விடும். ரொம்ப நேரம் அமைதியா கெடக்கும். மறுபடியும் அதே இழுப்பு, அதே அளவு, யாரோ கீழ இருந்து மூச்சைத் தம் கட்டிப் பிடிச்சுக்கிட்டு மேல வர்றதுக்குத் திமிர்ற மாதிரி. அலை அப்படி வராது. காத்தே இல்லாம கடல் கண்ணாடி மாதிரி கெடந்த நாள்லயும் அது வந்துச்சு. அவன் பெருமூச்சுகிட்ட காட்டினான்.

"ஹூம்ம்... அலை தம்பி. ஜீரோ பண்ணு."

பண்ணினான். மறுநாளும் பண்ணினான். அலாரத்தைக் கேட்டுக் கேட்டு அவனுக்குத் தூக்கத்துலயும் கை விரல் பட்டனைத் தேடுச்சு. அப்பறம் ஒரு நாள் காலையில வந்து பாத்தா அந்த இழுப்பு நின்னு போயிருந்துச்சு. அப்பாடான்னு இருந்துச்சு அவனுக்கு. ராத்திரி முழுக்கக் காதுல பாடின கொசு அடிபட்டுச் செத்தா வரும்ல, அந்த மாதிரி ஒரு நிம்மதி. பாரம் மட்டும் எறங்கல. முன்னைவிட இன்னும் கூடித் தான் இருந்துச்சு. ஜீரோ.

கொஞ்ச நாள் கழிச்சு வேற மாதிரி ஆரம்பிச்சுச்சு. சின்னச் சின்னதா. தட்டுற மாதிரி. கதவு தொறக்காத வீட்டு வாசல்ல ஒரு கொழந்தை நின்னு, கையால தட்டி, கொஞ்சம் காத்திருந்து, திரும்பத் தட்டுற மாதிரி.

அதையும் ஜீரோ பண்ணினான்.

மெஷினைச் சுரண்டின மறுநாள் காலையில அத்தான் முட்டையைப் பிச்சு வாயில போட்டுக்கிட்டே சொன்னார், "மச்சான், இன்னைக்கு நீயும் படகுல வர்ற. பெருமூச்சு சொல்லி அனுப்பியிருக்கார். கடைசி வரிசையில ஒரு கயித்துல பழைய மீன் வலை வந்து சுத்தியிருக்கு. எந்தப் படகுல இருந்து அறுந்து வந்துச்சோ. வெட்டி எடுக்கணும். நீ கையில மீட்டரை வெச்சுக்கிட்டு நில்லு, போதும்."

"பாரமா இருக்குமா அத்தான்?"

"அதெல்லாம் இல்ல. ரீடிங் ஒண்ணுமே இல்லையாம். வெறும் வலை தான். மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுல இருப்போம்." அக்கா பக்கம் திரும்பி, "கேட்டியாடி? இன்னைக்காவது சூடா வை."

ரீடிங் ஒண்ணுமே இல்லையாம். அவன் வாயில இருந்த சோறு அப்படியே நின்னுச்சு. அந்த 'ஒண்ணுமே இல்ல' அவன் ஜீரோவை அமுக்கி வர வெச்சது. நாள் தவறாம அவன் கையாலயே அழிச்ச பாரம். சொல்லிடலாம்னு வாயைத் தொறந்தான். அக்கா தண்ணி ஊத்திக் குடுத்தா. குடிச்சான். படகுல போய்ச் சொல்லிக்கலாம்னு நெனைச்சுக்கிட்டான்.

துறைமுகத்தை விட்டுக் கெளம்பும்போதே பனி மூட்டம். போகப் போகக் கடலும் வானமும் ஒரே பால் கலந்த தண்ணியா ஆயிடுச்சு. எஞ்சின் சத்தம் வெளிய போகாம படகுக்குள்ளயே சுத்திச் சுத்தி வந்துச்சு. மேல எங்கேயோ, கண்ணுக்குத் தெரியாம, காத்தாடி எறக்கை ஒவ்வொண்ணா வீசிக்கிட்டுப் போச்சு, யாரோ ஈரப் போர்வையை ஒதர்ற மாதிரி, வூம்ம், வூம்ம்னு. கேப்டன் சக்கரத்தைப் பிடிச்சுக்கிட்டு மூக்கைச் சுளிச்சார்.

"எவன்யா செருப்பைக் கழட்டினது?"

அத்தான் தான் சிரிச்சார். மத்த யாரும் சிரிக்கல. ஏன்னா அதுக்குள்ள அந்த நாத்தம் வந்துடுச்சு.

மெஷின்ல வந்தது இதோட பேத்தி. இது நாத்தம்னு சொன்னா போதாது. இதுக்கு ஒடம்பு இருந்துச்சு, வெதுவெதுப்பு இருந்துச்சு, பனியோட சேந்து முகத்துல படிஞ்சு, உதட்டை நக்கினா நாக்குல வழுவழுன்னு தெரிஞ்சுச்சு. அவன் சட்டைக் காலரை இழுத்து மூக்கை மூடினான். காலர்லயே அது இருந்துச்சு. வீட்டு மெஷின்ல தோச்ச சட்டை தானே.

மெதப்பு பனிக்குள்ள இருந்து மஞ்சளா எழும்பி வந்துச்சு. நேரா நிக்கல. ஒரு பக்கமா லேசா தலை சாஞ்சு, கீழ யாரோ பேசுறதைக் குனிஞ்சு கேக்குற மாதிரி நின்னுச்சு. அந்தப் பக்கத்துக் கயிறு தண்ணிக்குள்ள போற எடத்துல, தண்ணிக்கு மேல இருக்குற பாகம் முழுக்க, அதே வெள்ளை மஞ்சள் பிசின். கயிறு வழியா கசிஞ்சு மேல ஏறி, வழிஞ்சு, ஒறைஞ்சு, அது மேல திரும்ப வழிஞ்சு. அத்தான் ஒவ்வொரு தடவையும் கையால தொடைச்சது இதைத் தான்.

"பாத்தியா? இது தான் உங்க அக்கா மெஷின்ல இருந்தது. கிரீஸ் ஒருகி வருதுன்னு நெனைக்கிறோம்." அத்தான் இடுப்புல கத்தியைச் சொருகிக்கிட்டு, பக்கத்துல கட்டியிருந்த ரப்பர் படகுல எறங்கினார். "மீட்டர் என்ன சொல்லுது?"

சின்னவன் கையில இருந்த மீட்டரைப் பாத்தான், ரூம் ஸ்க்ரீன்ல வர்ற அதே நம்பர் தான் அதுலயும் வரும். மூணு. வெறும் மூணு. அவன் விரல் தானா போய் ஜீரோவை எடுத்துவிடுற பட்டனைத் தொட்டுச்சு. நம்பர் ஓட ஆரம்பிச்சுச்சு. ஓடுச்சு. கட்டத்துக்குள்ள எடம் பத்தாம கடைசி இலக்கம் வெளிய போய் மறைஞ்சுச்சு.

அவன் ஜீரோவைத் திரும்பப் போட்டான்.

ஏன் போட்டான்? கேப்டன் பக்கத்துல நின்னார். இப்ப சொன்னா என்ன ஆகும்? "இத்தனை நாளும் நீ என்னடா பாத்த?"ன்னு கேப்பாங்க. அவனைக் கேக்க மாட்டாங்க, அத்தானைக் கேப்பாங்க. தங்கமான பையன்னு சொன்னியேன்னு. வெட்டி முடிச்சுட்டா பாரம் போயிடும், யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் தானே. கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருந்தா போதும்.

"மூணு, அத்தான்."

"மூணா? நான் பல்லாலயே கடிச்சு எடுத்துடுவேன்."

ரப்பர் படகு கயித்துகிட்ட போச்சு. அத்தான் குனிஞ்சு வலையைப் பிடிச்சார். பச்சை நைலான் வலை, சுருட்டிச் சுருட்டி, முடிச்சு மேல முடிச்சா, முறுக்கின கூந்தல் மாதிரி ஆழத்துக்குள்ள போய்க்கிட்டு இருந்துச்சு. கத்தியை வெச்சார். அறுக்குற சத்தம் கேட்டுச்சு, கர்ர், கர்ர்னு. ஒரு நூல் போச்சு. அது டிங்ன்னு தெறிச்சுச்சு. வெறும் வலை அப்படித் தெறிக்காது. வீணைக் கம்பி தான் அப்படித் தெறிக்கும்.

இன்னொரு நூல். டிங்.

தண்ணிக்கு அடியில ஏதோ ஒண்ணு வெளுப்பா இருந்துச்சு. சின்னவன் மொதல்ல அதைப் பனியோட நிழல்னு நெனைச்சான். அப்பறம் அதுக்கு ஓரம் எங்கன்னு தேடினான். படகுக்கு இந்தப் பக்கம் பாத்தான். இருந்துச்சு. அந்தப் பக்கம் பாத்தான். அங்கயும் இருந்துச்சு.

"அத்தான்!"

அவர் நிமிர்ந்தார்.

"வெட்டாதீங்க! மூணு இல்ல! நான் ஜீரோ பண்ணி வெச்சிருக்கேன், தெனமும் பண்ணினேன், கீழ பாரம் இருக்கு, ரொம்ப இருக்கு, வந்துடுங்க அத்தான்!"

அத்தான் அவனையே பாத்தார். கோவப்படல. அது தான் தாங்க முடியல. கத்தியை மடக்கி இடுப்புல வெச்சார். "சரிடா, சரி. கத்தாத. வர்றேன்."

வெட்டினதை நிறுத்திட்டார். வலை நிறுத்தல. பாதி அறுந்த எடத்துல மிச்ச நூலுங்க தானா ஒவ்வொண்ணா விட ஆரம்பிச்சுச்சு. டிங். டிங். டிங்டிங்டிங்.

கடல் அந்த எடத்துல வீங்குச்சு.

திமிங்கலம். செத்து எத்தனையோ நாள் ஆன திமிங்கலம். வலை அதை நங்கூரக் கயித்தோட சேத்துக் கட்டி, மேல விடாம அமுக்கி வெச்சிருந்திருக்கு. உள்ள அழுகின காத்து உப்பி உப்பி, தோல் பலூன் மாதிரி இறுகி, வெளுத்து, கட்டின எடம் எல்லாம் வலை சதைக்குள்ள போயி, கட்டம் கட்டமா பிதுங்கி. அது மேல பாஞ்சு வந்துச்சு. ரப்பர் படகைத் தூக்கிச்சு. திரும்பிச்சு. வெடிச்சுச்சு.

சத்தம் பெருசா இல்ல. ஈரமான சாக்கு கிழியுற சத்தம் தான். ஆனா அதுக்குள்ள இருந்து வந்தது நிக்கவே இல்ல. சாம்பல் கலர்ல, சுருள் சுருளா, ஆவி பறக்க. படகு மேல விழுந்துச்சு. கேப்டன் மேல விழுந்துச்சு. சின்னவனோட தொறந்த வாய்க்குள்ள விழுந்துச்சு. அவன் வாந்தி எடுத்தான். வாந்தியை விட வாயில இருந்தது சூடா இருந்துச்சு.

"அத்தான்! அத்தான்!"

"இங்க இருக்கேன்டா!"

உயிரோட இருந்தார். அந்தப் பொணத்துக்கு அந்தாண்ட, தண்ணியில, லைஃப் ஜாக்கெட்ல மெதந்துக்கிட்டு. முகம் தெரியல. தலையில இருந்து நெஞ்சு வரைக்கும் ஒரே வெள்ளை. அந்தத் திமிங்கலத்தோட கிழிஞ்ச அடிவயித்துல இருந்து, கெட்டுத் திரிஞ்ச தயிர் மாதிரி, கட்டி கட்டியா வழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கொழுப்பு இல்ல அது. பால்.

அத்தான் துப்பினார். காறிக் காறித் துப்பினார். துப்பிக்கிட்டே சிரிச்சார். "உங்க அக்கா... என்னை இன்னைக்கு வீட்டுக்குள்ள விட மாட்டாடா!"

கேப்டன் கயிறு வீசினார். அத்தான் பிடிச்சுக்கிட்டார். இழுத்தாங்க. சின்னவன் அழுதுக்கிட்டே இழுத்தான். கிட்ட வந்துட்டார். கையை நீட்டினா தொடலாம்.

அப்ப அவர் பின்னாடி ஒரு மூச்சு விட்ட சத்தம் கேட்டுச்சு. புஸ்ஸுன்னு. சின்னதா.

குட்டி.

சின்னவனுக்கு ஒடனே புரிஞ்சுச்சு. தட்டினது இது தான். எந்திரி, எந்திரின்னு மூக்கால முட்டிக்கிட்டே இருந்திருக்கு. குட்டின்னு பேரு தான், படகுல பாதி நீளத்துக்கு இருந்துச்சு, ஆனா முதுகெலும்பு முழுக்கத் தெரிஞ்சுச்சு, தோல் தொங்குச்சு. அது தண்ணியில தலையைத் திருப்பி, அந்தப் பால் வழிஞ்ச எடத்தைத் தேடி வந்துச்சு. மெதுவா. முட்டுச்சு. அத்தானோட முதுகுல.

அத்தான் திரும்பிப் பாத்தார். பயப்படல அவரு. கையை அது நெத்தியில வெச்சார்.

"பாவம்டா மச்சான்"ன்னார். "பசிக்குதுடா இதுக்கு."

அது வாயைத் தொறந்துச்சு. உள்ள பல்லு இல்ல. கறுப்பா முரடா முடி மட்டும், வரிசையா. நடுவுல வெளிர் நாக்கு. அந்த நாக்கு ஓரம் மடங்கி, குழல் மாதிரி சுருண்டு, அத்தானைக் காலோட சேத்து இடுப்பு வரைக்கும் சுத்திப் பிடிச்சுச்சு. கடிக்கல. இழுத்து நெஞ்சோட அணைச்சுக்கிட்ட மாதிரி தான் இருந்துச்சு.

கயிறு சின்னவன் கையை அறுத்துக்கிட்டுப் போச்சு.

தண்ணி மூடுச்சு.

அமைதி. எஞ்சினை நிறுத்துனாங்க. பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க. பனி. எறக்கை வீசுற சத்தம். வூம்ம்.

மூச்சு வாங்க அது மேல வந்துச்சு. அத்தானையும் தூக்கிக்கிட்டு வந்துச்சு. அவர் கத்தினார். கீழ போச்சு.

திரும்ப வந்துச்சு. அவர் கத்தல. கை மட்டும் அது மூக்கு மேல தட்டிக்கிட்டு இருந்துச்சு. மெதுவா. விடு, விடுன்னு. கீழ போச்சு.

திரும்ப வந்துச்சு.

எவ்வளவு நேரம் ஆச்சுன்னு யாருக்கும் தெரியல. ஒவ்வொரு தடவையும் வந்துச்சு, மூச்சு விட்டுச்சு, போச்சு. கண்ணை மூடிக்கிட்டு இருந்துச்சு. அத்தான் கண்ணு தொறந்திருந்துச்சு. தலை அது ஓட்டத்துக்குத் தகுந்த மாதிரி ஆடிக்கிட்டு, வாயோரமா அந்த வெள்ளை வழிஞ்சுக்கிட்டு. அவர் இடுப்பைச் சுத்தி அந்த நாக்கு இறுகி, விட்டு, இறுகி, விட்டு, பசியாறுற கொழந்தை மாதிரி சப்பிக்கிட்டே இருந்துச்சு. விழுங்கவும் இல்ல. விடவும் இல்ல.